பொத்தான்

சீனத்துக்கு இரண்டே எழுத்து.
மலாய் அடங்கி உட்கார்ந்துவிட்டது.
நம்முடையதுதான்
பொத்தானுக்கு வெளியே கால் நீட்டப் பார்த்து
'காப்பாற்' என்று அறுந்து நின்றது.

படிவத்தைச் சேமிக்கச் சொன்னதை
உயிரைக் காப்பாற்றச் சொன்னதாக
இயந்திரம் எடுத்துக்கொண்டிருக்கிறது.
பாய லேபார், ஒன்பதாம் மாடி.
ஹுவெய் மின்னுக்கு விளக்கினேன்; சிரித்தாள்.
நானும்தான்.

திருத்துமுன் பதிவுகளைப் பார்த்தேன்:
துவாஸ் விடுதியிலிருந்து யாரோ,
பின்னிரவு இரண்டு பத்துக்கு,
சம்பள பாக்கிப் புகார்ப் படிவம்.
ஒரு கட்டமும் நிரப்பவில்லை.
அந்த அரைச் சொல்லை மட்டும்
பதினொரு முறை அழுத்தியிருக்கிறார்.

'சேமி' என்று மாற்றினேன்.
நமக்கும் இரண்டே எழுத்து, கச்சிதம்.
சம்பளம் வராதவரிடம் அதைச் சொல்ல
மனசு வரவில்லை.
வெளியிடுவதை
நாளைக்குத் தள்ளிவைத்தேன்.