ஒரு முழு நிமிடம்

பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும்
மற்ற வார்டுகளில்.
இங்கே முழு நிமிடம் வேண்டும் என்றார் டாக்டர் ஹபீபுல்லா.
படுத்து அரைமணி ஆகியிருக்க வேண்டும்,
டீ குடித்திருக்கக் கூடாது,
காய்ச்சல் இருந்தால் தனியாகக் குறிக்க வேண்டும்.
அவருடைய மேற்படிப்புக்கான ஆய்வு.
நீள நோட்டு, ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள்,
கடைசிக் கட்டத்தின் தலைப்பு: முடிவு.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில்
எங்கள் வார்டுக்குப் பெயர்ப்பலகை இல்லை.
"கடைசிக்குப் போங்க" என்பார்கள் வாசலில்,
கேட்டவர் முகத்தைப் பார்க்காமல்.
சோற்று வண்டி படிக்கட்டு வரை வரும்.
அதற்கப்பால் தட்டுகளை நான் தூக்க வேண்டும்.

மணிக்கட்டில் மூன்று விரல் வைக்கிற நிமிடம்
சிலருக்கு அன்றைக்கு யாராவது தொட்ட ஒரே நிமிடம்.
அதை எழுத நோட்டில் கட்டம் இல்லை.

நான்காம் கட்டில் வைரக்கண்ணு.
பொதுப்பணித் துறை லஸ்கர்,
வெண்ணாற்றின் ஒரு கிளை வாய்க்காலில்
இருபத்திரண்டு வருஷம் ஷட்டர் திருகியவர்.
நூற்றுப் பதினெட்டு.
காய்ச்சல் இல்லை. பேதி நின்று இரண்டு நாள்.
மின்விசிறியைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தவருக்குள்
யாரோ வரப்பு வரப்பாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு வருது, சிஸ்டர்?"
மேட்டூரில் எவ்வளவு என்று கேட்கிற அதே குரல்.
தொண்ணூற்றாறு என்றேன்.
"நான் அளவுபலகையப் பாத்துச் சொன்ன ஆளில்லே.
ராத்திரி ஷட்டர் மேல கைய வச்சா
எத்தன கன அடின்னு இரும்பு சொல்லிடும்."
நான் நோட்டைப் புரட்டினேன்.

அந்த வருஷம் ஜூன் பன்னிரண்டில் அணை திறக்கவில்லை.
ஆடிப்பெருக்கன்று படித்துறையில் குழாய் இழுத்துத்
தலையில் தெளித்துக்கொண்டார்களாம்,
அவர் மனைவி செந்தாமரை சொன்னாள்.
"ஆத்துல ஒரு சொட்டு இல்லே,
எங்கையில மட்டும் ஏது இவ்வளவு வெள்ளம்?"
சிரித்துவிட்டுப் போர்வையிலிருந்து காலை நீட்டினார்.
தொட்டேன். பாதம் சில்லென்றிருந்தது.
"தலைப்புல வேகம். கடமடைக்கு எட்டலே.
எங்கியோ கரை ஒடஞ்சிருந்தா
வாய்க்கா இப்படித்தான் ஓடும்."

டாக்டரிடம் சொன்னேன்.
பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.

நூறுக்கு மேல் என்றால் சிவப்பு மை.
நோட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தால்
சிவந்த வரிகளில்தான் முடிவுக் கட்டம் சீக்கிரம் நிரம்பியிருந்தது.
எல்லாவற்றிலும் இல்லை.
பேராவூரணி லாரி கிளீனர் தனுஷ்கோடி
நூற்று முப்பதோடு வந்தான்,
இட்லியில் உப்பில்லை என்று சண்டை போட்டான்,
ஒரு திங்கட்கிழமை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.
எழுபத்தெட்டோடு தூங்கிய அஞ்சலை
விடியும்போது எழவில்லை.
'விதிவிலக்கு' என்று எழுதினார் டாக்டர்.
விதிவிலக்கின் மகள்
பள்ளிக்கூடச் சீருடையில் வெளியே நின்றிருந்தாள்.

நூற்று இருபத்து நான்கு.
நூற்று இருபத்தாறு.
தினமும் கேட்டார். தினமும் தொண்ணூறுகளில் ஒன்றைச் சொன்னேன்.
பதினோராம் நாள் கேட்கவில்லை.
அன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான்
பஸ்ஸில் முடிவு பண்ணி வந்திருந்தேன்.

புரட்டாசியில் தண்ணீர் வந்தது.
வேறு யாரோ திறந்திருப்பார்கள்.
சம்பளப் பாக்கிக்குச் சான்றிதழ் கேட்டு வந்தாள் செந்தாமரை.
கணுக்காலில் காய்ந்த சேற்றுக்கோடு,
நடவிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும்.
கையெழுத்து வாங்கி, தாளை நான்காய் மடித்து,
ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு
மேஜை மேல் தன் மணிக்கட்டைத் திருப்பி வைத்தாள்.

"எனக்கும் பாத்துச் சொல்லுங்க.
அவருக்குச் சொன்ன மாதிரி இல்லாம."

நடந்து வந்திருக்கிறாய், படி ஏறியிருக்கிறாய்,
படுத்து அரைமணி ஆகட்டும் என்று
காலியாக இருந்த கட்டிலைக் காட்டினேன்.

"பஸ் போயிடும்" என்றாள்.
செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள்.