அறுபது வாக்கியங்கள்

ஐந்து பத்துக்குப் பெருங்களத்தூர் பாலத்தடியில்
கம்பெனி பஸ்.
படப்பை வரை இருட்டு.
என் மடியில் ஜெராக்ஸ் எடுத்த பதினோரு பக்கம்:
பயணிக்கான அறுபது ஜப்பானிய வாக்கியங்கள்.
மூன்றாம் பக்கத்தில் டோனர் தீர்ந்துபோய்
கழிப்பறை எங்கே என்ற கேள்வி
பாதிதான் விழுந்திருக்கிறது.

ஹமமாட்சுவில் இருபத்தொரு நாள் பயிற்சி.
ஒரகடத்திலிருந்து நான்கு பேர்.
பெண் நான் ஒருத்தி.

சுமிமாசென், சுமிமாசென் என்று
முணுமுணுத்துக்கொண்டே போகிறேன்.
பக்கத்து சீட் ஜெபராஜ் தூக்கத்தில்
யாரு சுமி? என்கிறான்.
டிரைவர் காத்தவராயன்தான் ஒழுங்காகக் கேட்டார்,
அப்டின்னா இன்னாம்மா?
மன்னிச்சுக்கோங்க, கொஞ்சம் வழி விடுங்க,
ஒரு நிமிஷம் இங்க பாருங்க,
எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான் என்றேன்.
மறுநாள் முடிச்சூர் வளைவில்
குறுக்கே விழுந்த ஷேர் ஆட்டோவைப் பார்த்து
தலையை வெளியே நீட்டி அவர் கத்திய சுமிமாசெனில்
மன்னிப்பு ஒரு துளியும் இல்லை.

மொழி அவ்வளவாக முரண்டு பிடிக்கவில்லை.
வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில் வந்து
கதவைச் சாத்துகிறது.
கேள்வி என்றால் வாலில் ஒரு கா.
உயிருள்ளது ஓரிடத்தில் இருந்தால்
அங்கேயும் அது இரு.
அதைப் படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன்,
முன் சீட்டில் ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.
என் பெயருக்குத்தான் கஷ்டம்.
செண்பகவல்லியின் லி
அவர்கள் நாக்கில் ரி ஆகிவிடுமாம்.
குளியலறைக் கண்ணாடி முன் நின்று
ஷென்பகவாரி தெஸ் என்று
நானே முந்திக்கொண்டு பழகினேன்.

அறுபதையும் வரிசையாக வாசித்தால்
பயணி யாரென்று தெரிகிறது.
பசிக்கிறவள். வழி தப்பியவள்.
விலை கேட்டுவிட்டு
அதைவிட மலிவாக இருக்கிறதா என்கிறவள்.
மெதுவாகச் சொல்லுங்கள்.
இன்னொரு தடவை.
எனக்குப் புரியவில்லை.
விளாத்திகுளத்திலிருந்து வந்து
ஒரு சூட்கேஸோடு எக்மோரில் இறங்கிய அன்று
இப்படி ஒரு ஜெராக்ஸை யாரும் எனக்குத் தரவில்லை.
இன்னா என்பதை வசவு என்று நினைத்து
ஹாஸ்டல் வாட்ச்மேனோடு
ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.

நாற்பத்து நாலில் பென்சில் நின்றது.
இத்தே கிமாஸ்.
வீட்டிலிருந்து கிளம்புகிறவர் சொல்வது.
பிரித்துப் பார்த்தால்
போய் வருகிறேன்.
போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு
வாசல் தாண்ட மாட்டாத ஜனம்
இத்தனை கடல் தள்ளியும் இருக்கிறது.

வியாழக்கிழமை நோட்டீஸ் போர்டில்
மூன்று பெயர்கள்.
பட்ஜெட் என்றார் ஹெச்.ஆர்.
அடுத்த பேட்சில் கண்டிப்பாக என்றார்.
வகாரிமாசென் என்றேன்.
பரவாயில்லை என்கிறேன் என்று எடுத்துக்கொண்டு
தட்டிக்கொடுக்கத் தூக்கிய கையை
என்ன செய்வதென்று தெரியாமல்
தன் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டார்.

மனப்பாடமானவை
போக இடமில்லாமல் எனக்குள் சுற்றுகின்றன.
பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்
ஒரு பழைய மிக்ஸி ஜாரைத் தூக்கிக் காட்டி
இக்குரா தெஸ் கா என்று கேட்டுவிட்டேன்.
நூத்தி இருவது, மூடி தனி என்றார்
கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

ஜெபராஜ் போகிறான்.
அந்தப் பாதிக் கேள்வியைப் பேனாவால் முழுசாக்கி
பதினோரு பக்கத்தையும் அவனிடம் கொடுத்தேன்.
அதற்கு முன் எனக்கும் ஒரு காப்பி.
இந்தக் கடையில் டோனர் நன்றாக இருந்தது.
கழிப்பறை எங்கே என்று
இனி என் கையெழுத்தில்தான் கேட்டாக வேண்டும்.

திங்கள், ஐந்து பத்து.
பக்கத்து சீட்டில் என் டிபன் பை.
காத்தவராயன் கண்ணாடி வழியாகப் பார்த்து,
இன்னிக்கி இன்னா பாடம்மா?

நாப்பத்தஞ்சு என்றேன்.