ஷட்டரிங் எண்ணெய்

விசாவில் தச்சன் என்றுதான் போட்டிருக்கிறது.
பதினோரு வருடமாகச் சொஹாரில்
நான் செய்ததெல்லாம் பெட்டி.
தூணுக்குப் பெட்டி, உத்தரத்துக்குப் பெட்டி,
படிக்கட்டுக்குப் பல்வரிசையாய் ஒரு பெட்டி.
கான்கிரீட் இறுகியதும்
கடப்பாரையால் நெம்பி
நானே உடைப்பேன்.
சீக்கிரம் பிரிகிற பெட்டி அடிப்பவன் நல்ல தச்சன்.
ஃபோர்மேன் அப்படித்தான் ஆள் பொறுக்குவார்.

இப்போது ஞாயிறும் செவ்வாயும்
மாலை ஆறரைக்கு
கம்பெனி வண்டி தொழிற்கல்லூரி வாசலில் இறக்கிவிடுகிறது.
ஃபர்னிச்சர் பிரிவுக்கு மாறினால்
நாற்பது ரியால் கூட, தலைக்கு மேல் கூரை.
அதற்கொரு சான்றிதழ் வேண்டுமாம்.

ஆசிரியை ஷம்ஸாவுக்கு இருபத்தாறு இருக்கும்.
அபாயாவுக்கு மேல் கான்வாஸ் ஏப்ரன்,
தலைத்துணி மடிப்பில் செருகிய பென்சில்.
அவள் நாக்கில் ழகரம் ஏறவில்லை.
அழகுவேல் என்ற நான்
வருகைப் பதிவில் அலகுவேல்.
அளக்கிற வகுப்பில்
அலகு என்று கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும்?
திருத்தவில்லை.

எனக்கு நூல் கணக்கு.
எட்டு நூல் ஓர் அங்குலம்.
அவளுக்கு மில்லிமீட்டர்.
ஒரு நூல் என்பது
மூன்று மில்லிக்குக் கொஞ்சம் மேல்.
அந்தக் கொஞ்சத்துக்குள்தான்
என் பிழைகள் குடும்பத்தோடு குடியிருந்தன.
ஷட்டரிங்கில் விரல்கடை இடைவெளி விழுந்தாலும்
சிமென்ட் சாக்கைக் கிழித்து அடைக்கலாம்.
பீச் மரத்திடம் அந்தச் சாக்குப்போக்கு எடுபடாது.

நான்காம் வாரம் கழுந்தும் துளையும்.
பக்கத்து மேசை ஷொஃபிகுல் உளியைத் தீட்டித் தந்தான்.
கோட்டை விட்டு விலகாமல் பொளிந்தேன்.
கொட்டாப்புளியால் இரண்டு தட்டு,
கீச்சென்று முனகி உள்ளே போனது.
பசை வைத்து, கிளாம்ப் இறுக்கி,
மேலே என் பெயர் எழுதிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை கிளாம்பைத் திருகினேன்.
தட்டவில்லை, இழுக்கவில்லை.
கழுந்து தானாக வழுக்கிக்கொண்டு வந்தது,
வரச் சொன்னது போல.
பதினெட்டு வயசு ஹைத்தம் விசிலடித்தான்.
ஷம்ஸா துளைக்குள் விரலை விட்டு
மோந்து பார்த்தாள்.
எண்ணெய் பூசினாயா?

பூசியிருக்கிறேன்.
எப்போது என்று எனக்கே தெரியவில்லை.
உளிக்குப் போட வைத்திருந்த டப்பாவிலிருந்து
கை அதுபாட்டுக்கு எடுத்துப் பூசியிருக்கிறது.
பலகையைக் கண்டால் முதலில் எண்ணெய்.
ஒட்டக்கூடாது.
ஒட்டினால் பலகை போச்சு,
பலகை போனால் சம்பளத்தில் பிடிப்பு.

எதற்கு என்றாள்.
பாதி அரபி, பாதி ஹிந்தி,
மீதிக்கு இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்:
பிரிய.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.
எங்கள் வீட்டுத் தூணும் அப்படித்தான் நின்றதா என்று கேட்டாள்.
எந்த இடம்?
ஃபலஜ் பக்கம்.
அந்த சைட்டில் நான் இல்லை.
ஆனால் யாரோ ஒருவன் பெட்டி அடித்தான்,
யாரோ ஒருவன் உடைத்தான்.
அந்தப் பலகை எங்கே?
அடுத்த தூணுக்குப் போயிருக்கும்,
அதற்கடுத்து அடுப்புக்கு.
பென்சிலை எடுத்தாள், எதுவும் எழுதவில்லை.
புது மரம் ஒன்று நீட்டி
கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வா என்றாள்.

ஞாயிறு.
கிளாம்பைக் கழற்றியதும்
பழக்க தோஷம்,
முழங்காலை முட்டுக் கொடுத்து நெம்பினேன்.
வரவில்லை.
ஹைத்தம் ஒரு முனையைப் பிடித்து இழுத்தான்,
ஷொஃபிகுல் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தான்.
வரவில்லை.

நான் செய்த ஒன்று
பிரிய மாட்டேன் என்கிறது.
இதற்கு மேல் அதை என்ன செய்ய வேண்டும் என்று
பதினோரு வருடத்தில் யாரும் சொன்னதில்லை.
பிள்ளைத்தாய்ச்சியிடம் குழந்தையை வாங்கிய ஆம்பளை போல
ஏந்திக்கொண்டு நின்றேன்.

பத்துக்கு ஆறு.
தோள்பட்டையில் இடைவெளி, ஒரு மில்லி,
என்று கீழே குறிப்பு.
வெளியே வண்டி ஹாரன் அடித்தது.
ஒரு மில்லி என்றால்
நூலில் மூன்றில் ஒன்று கூட இல்லை.
வழி நெடுக அதையே அளந்துகொண்டு வந்தேன்.