இடதுபக்கக் கண்ணாடி

முதல் நிமிடத்திலேயே பையன் சாக வேண்டும்.
நாற்பதாவது நொடியில் லாரி வரும்.
அதற்குப் பதினான்கு தாள் என்கிறார் குசுமோதோ.
ஒரு தாளுக்கு இருநூற்றுப் பத்து யென்.
பெருக்கிப் பார்த்தேன்:
ஒரு சாவுக்கு எனக்கு
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.
நெரிமாவில் அது இரண்டு நாள் சாப்பாடு,
முட்டை வாங்கினால் ஒன்றரை.

இந்த வருஷம் இது என் மூன்றாவது லாரி.
போன குளிர்காலத்தில் வேறு தொடர், வேறு பையன்.
அவனும் மழையில்தான் செத்தான்,
பூனைக்குட்டியைத் தூக்கப் போய்.

செத்தவன் கண் விழிப்பான்.
பச்சைப் புல்வெளி. இரண்டு நிலா.
அங்கே எல்லாரும் அவன் மொழியில் பேசுவார்கள்,
ஒரு பிழைகூட இல்லாமல்.
கோட்டை ஐரோப்பாவினுடையது,
வெந்நீர்த் தொட்டி மட்டும் நம்முடையது.
மூன்றாம் வாரத்துக்குள்
சோயா சாஸ் கண்டுபிடித்துவிடுவான்.
ஆயிரம் வருஷமாய் அங்கே சமைத்தவர்கள்
வாயைப் பிளந்து நிற்பார்கள்.
அந்த வாய்களும் என் கணக்கில்தான்.

சந்தையில் ஒரு பெண்ணை விலைக்கு வாங்குவான்.
பூனைக்காது, கழுத்தில் வளையம்.
நல்லவன் அல்லவா, பூட்டைத் திறந்து
போ என்பான்.
அவள் போக மாட்டாள்.
அவள் திரும்பி நடக்கிற மாதிரி
ஒரு தாள்கூட இதுவரை
என் மேஜைக்கு வந்ததில்லை.

வேறு உலகம் என்கிறார்கள்.
அங்கேயும் தலைக்கு மேல் எண் மிதக்கிறது.
அங்கேயும் தரவரிசை, அங்கேயும் ஒரு கவுன்ட்டர்,
படிவம் நிரப்பச் சொல்லும் புன்னகை.
வேலையை விட்டு ஓடியவன்
வேலைக்கே போய்ச் சேர்ந்திருக்கிறான்.
அங்கே பதவி உயர்வு சீக்கிரம் கிடைக்கிறது,
அவ்வளவுதான்.

இங்கே அவன் விட்டுப்போன கடையில்
அன்றைய இரவுப் பணிக்கு யார் நின்றார்கள்?
அம்மாவுக்கு மூன்று நொடி கொடுத்திருக்கிறார்கள்,
அதிலும் முதுகு மட்டும்.

லாரிக்கு முதுகுகூட இல்லை.
முன்கண்ணாடி முழுக்க வெள்ளை வெளிச்சம்.
ஆளில்லாமல் வருகிறது,
புயல் மாதிரி, விதி மாதிரி.

என் தம்பி லாரி ஓட்டுகிறான்.
நீகாட்டாவிலிருந்து தோக்கியோவுக்கு, இரவில்,
அரிசி, சில வாரம் டயப்பர்.

ஒன்பதாம் தாளில் ஒரு முகம் வைத்தேன்.
கழுத்தில் துண்டு, வீங்கிய இமை,
கத்தத் தொடங்கிய வாய்.
மஞ்சள் தாள் ஒட்டித் திரும்பி வந்தது:
"முகம் வேண்டாம். பார்ப்பவர்கள் குழம்புவார்கள்."
குசுமோதோவும் மூன்று நாளாய்
மேஜைக்கு அடியில்தான் தூங்குகிறார்.
திட்டவும் மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷோஹெய் வந்தான்.
அவனுக்கு இந்தக் கதைகள் பிடிக்கும்.
அதுதான் எனக்குத் தாங்கவில்லை.
நெடுஞ்சாலை ஓய்விடத்தில் எஞ்சினை அணைத்து
போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்து
இரண்டு நிலாவும் எழும்வரை பார்ப்பானாம்,
பிறகு அப்படியே தூங்கிவிடுவானாம்.

"உன்னைத்தானேடா கொலைகாரனாக்குகிறார்கள்?"
நூடுல்ஸை உறிஞ்சியபடியே சிரித்தான்.
"நான் அங்கே போகணும்னா
என்னை எது இடிக்கணும்? ரயிலா?"

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு
என் தாள்களைப் புரட்டினான்.
முகம் சுருங்கியது.
"இடதுபக்க மூலைக் கண்ணாடி எங்கே?
அது இல்லாமல் எங்கள் டிப்போவில்
வண்டியை வெளியே விட மாட்டார்கள்.
அது இருந்தால் பையன் தெரிவானே."

"தெரிந்தால்?"

"பிரேக் பிடிப்பேன். வேறென்ன?"

அன்றிரவே வரைந்தேன்.
கட்டைவிரல் நகமளவு வட்டம்,
உள்ளே ஒரு குடை, குடைக்குக் கீழே ஒரு புள்ளி.
யாரும் பார்க்கவில்லை.
ஒப்புதல் முத்திரை சிவப்பாய் விழுந்தது.

வியாழன் நள்ளிரவு ஒளிபரப்பு.
பையன் செத்தான்.
புல்வெளி, நிலா, நிலா.

ஒன்றரை மணிக்குத் தம்பியின் செய்தி,
எந்த ஓய்விடத்திலிருந்தோ:
"கண்ணாடி சரியாக இருக்கிறது.
ஆனால் அத்தனை மழையில்
வைப்பர் ஏன் ஓடவில்லை?"