டோக்கன் மேசை, மண்டபம்

"இன்னும் வரலையா சார்?" என்கிறாள் சீனியம்மாள்.
வரவில்லை.
திரையில் ஒற்றை வரி:
ஜிலிப்சி இரண்டு புள்ளி முப்பத்து நான்கு
கிடைக்கவில்லை.
"ஜிலேபியா?" என்று
மூன்றாவதாய் நிற்கும் லிட்வின் கேட்க
டீசல் கேன் வரிசை முழுக்கச் சிரிப்பு.

முந்தாநாள் வேளச்சேரியில்
என் மடிக்கணினியில் சொன்னதும் ஓடிய நிரல் இது.
இங்கே பெட்டி பழசு, லினக்ஸ் அதைவிடப் பழசு,
யுஎஸ்பி துளைகளில் உப்புக்காற்றுப் பச்சை.
புதுப்பித்தால் என்ன என்று கேட்காதீர்கள்.
டோக்கன் அடிக்கும் பிரிண்டர்
இந்தக் கெர்னலோடு மட்டுமே பேசும்.
அதைச் செய்த கம்பெனியின் எண்ணை அழைத்தால்
ஒரு பல் ஆஸ்பத்திரி எடுக்கிறது.

ராத்திரி ஒரு லைப்ரரியை இறக்கினேன்,
அது இன்னொன்றைக் கேட்டது.
அதையும் இறக்கினேன்,
அது தன் தம்பியின் புதுப் பதிப்பைக் கேட்டது.
சம்பந்தியை அழைத்தால்
சம்பந்தியின் சம்பந்தி வேன் பிடித்து வருவதுபோல.
மூன்று மணிக்குப் புத்தி மழுங்கி
அடியில் கிடந்த ஜிலிப்சியையே மாற்றினேன்.
எல்லாம் நின்றது.
கோப்புப் பட்டியல் காட்டும்
எல்எஸ்கூடச் செத்தது.
பென் டிரைவிலிருந்து எழுப்பி
பழையதைப் பழைய இடத்தில் வைத்து
ரீஸ்டார்ட் கொடுக்கையில்
கை நடுங்கியது.

ஜன்னலுக்கு வெளியே ஏற்றுகிறார்கள்:
ஐஸ், குடிதண்ணீர், அரிசி, மிளகாய்த்தூள்,
ஸ்டவ், தலைவலி மாத்திரை.
நடுக்கடலில் ஐஸ் கிடைக்கும் என்று நம்பி
எவனும் நங்கூரம் எடுப்பதில்லை.
நான் எடுத்திருக்கிறேன்.

மடிக்கணினிக்குள்
இந்தப் பெட்டியின் வயதுக்கு
ஒரு கிழட்டு லினக்ஸை எழுப்பி
அதற்குள் உட்கார்ந்து மறுபடி கட்டினேன்.
தேவையானதெல்லாம் ஒரே மூட்டையில்.
நாலு எம்பி, தொண்ணூற்றொன்று ஆனது.
அதற்குள் சீனியம்மாள்
கார்பன் வைத்து அறுபத்திரண்டு டோக்கனைக்
கையாலேயே எழுதிவிட்டாள்.

ஆறு பத்துக்கு பிரிண்டர் இருமியது.
முதல் டோக்கன்.
படகு எண் சரி, ஆட்கள் ஐந்து சரி.
தேதி:
ஒன்று, ஒன்று, இரண்டாயிரத்துப் பன்னிரண்டு.

உள்ளே பேட்டரி செத்திருக்கிறது.
ரீஸ்டார்ட் ஆனதும்
பெட்டி தன் பிறந்த வருடத்துக்குப் போய்விட்டது.
அதன் கணக்கில் அது பொய் சொல்லவில்லை.
நான் கேட்ட ஜிலிப்சி
அப்போது பிறக்கவே இல்லை.

சீனியம்மாள் என்னைப் பார்க்கவில்லை.
பேனாவால் தேதியை அடித்து
பக்கத்தில் இன்றையதை எழுதி
கிழித்து நீட்டினாள்.

"அடுத்தது."