இடது முழங்கால் ஹாக்கிக்கு

மாதேஸ்வரி, வயது நாற்பத்தாறு.
எப்போதிருந்து வலி என்று கேட்டார் டாக்டர்.
எந்த வலி என்றேன்.
இடது முழங்கால் ஹாக்கி,
வலது தோள் சாஃப்ட்பால்.

அப்பா மேக்னசைட் சுரங்கத்திலிருந்து
வெள்ளையாக வருவார்,
நான் காந்தி ஸ்டேடியத்திலிருந்து
செம்மண்ணாக.
துவைக்கிற கல்லில் இரண்டும் கலந்து ஓடும்.
அம்மா திட்டியது செம்மண்ணை மட்டும்.

ஹாக்கியில் நான் ஃபுல்பேக்.
பந்து தரையோடு வரும்,
குனிந்தே கிடக்க வேண்டும்.
மட்டையின் முதுகு பட்டால் விசில்.

சாஃப்ட்பாலில் கேட்சர்.
குந்த வைத்து, கம்பி முகமூடிக்குள்ளிருந்து
ஏழு இன்னிங்ஸும் ஏற்காட்டு மலையைப் பார்ப்பேன்.
மேகம் இறங்கிய நாளில் பந்து கனக்கும்.
வீசுகிறவள் நாகலூர் லில்லி ரோஸ்,
காப்பிப்பழம் பறித்த விரல்கள்.
அவள் கோபமாக இருக்கிறாளா என்பது
என் உள்ளங்கைக்குத்தான் முதலில் தெரியும்.

கரூரில் அரையிறுதி.
கோல் இல்லை, மூன்று நிமிஷம் பாக்கி.
கீப்பர் விழுந்துவிட்டாள்.
என் காதோரம் எழும்பிய பந்தை
எட்டிப் பிடித்தேன்.
கையால்.

சுத்தமான கேட்ச்.
சாஃப்ட்பாலாக இருந்தால் ஆள் அவுட்.
மைதானமே வாயடைத்து நிற்க
கேலரியில் ஒருத்தி மட்டும் கைதட்டினாள்,
லில்லி ரோஸ்தான், வேறு யார்.
பெனால்டி ஸ்ட்ரோக். தோற்றோம்.
சேலம் வரும்வரை பஸ்ஸில்
என் பக்கத்து சீட் காலி.

அதைவிட நல்ல கேட்ச் நான் பிடித்ததில்லை.
இதை யாரிடமும் சொன்னதில்லை,
டாக்டரிடமும்.

சான்றிதழ்கள் ஒரு துணிக்கடைப் பை நிறைய.
இன்டர்வியூவில் ஒருவர் கேட்டார்,
சாஃப்ட்பால் என்றால் ரப்பர் பந்தாம்மா?
ஆமாம் சார் என்றேன், களைத்துப்போய்.
கடைசியில் வேலை கிடைத்தது
ஹாக்கியாலும் இல்லை, சாஃப்ட்பாலாலும் இல்லை,
டைப்ரைட்டிங் லோயரால்.
செவ்வாய்பேட்டையில் ஜவ்வரிசி மண்டி,
மூட்டைக் கணக்கு.

ஒரே தேதியில் இரண்டு செலக்‌ஷன் வந்த வருஷம்
எது முதலில் என்று
இரண்டு கோச்சும் கேட்டார்கள்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
யோசித்து முடிப்பதற்குள்
இரண்டு பட்டியலும் ஒட்டிவிட்டார்கள்.

இரண்டு எக்ஸ்ரே எடுக்கணும் என்கிறார் டாக்டர்.
பர்ஸில் ஒன்றுக்குத்தான் இருக்கிறது.
எது முதலில்?

இந்த முறை யோசிக்கவில்லை.
முழங்கால் என்றேன்.
மாடிப்படி இறங்கி
பஸ் பிடிக்கணும்.