இருபத்தோராவது நிமிடம்

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் மழை.
கரண்ட் போய் வந்ததில் யூபிஎஸ்
ஒருமுறை இருமிவிட்டுப்
பழையபடி முனகத் தொடங்கியது.

மாதிரி 318-க்குப் பெயர் கிடையாது.
நூலும் அரக்கும் ஒரு முத்திரையும் மட்டும்.
நாற்பது டிகிரிக்குச் சூடாக்கிக்
கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.
நாற்பத்திரண்டு காட்டியது. நல்ல நெய்யின் எண்.
பாமாயில் அதை ஏற்றிவிடும் என்று தெரிந்தவன்
தேங்காயெண்ணெய் விட்டு இறக்கியிருக்கலாம்.
தராசின் இரண்டு தட்டிலும் திருட்டை வைத்தால்
முள் நேராகத்தான் நிற்கும்.

மணமா?
அதைப் பேசாதே என்பாள் நாகவேணி.
அது தனிக் கேனில் வருகிறதாம்,
லிட்டர் கணக்கில்.

கொழுப்பைச் சோப்பாக்கினேன்.
சோப்பாக மறுத்து எஞ்சியதை
ஈதரில் பிரித்து, கழுவி, உலர்த்தி
ஊசியில் ஏற்றினேன்.

முப்பது மீட்டர் குழாய், உள்ளே மயிரிழை வழி.
அதற்குள் ஒவ்வொன்றும் தன் நடையில் வரும்.
முதலில் மாட்டின் கொலஸ்ட்ரால், மலை மாதிரி.
அப்புறம் வெறும் கோடு.
வெறும் கோடாகவே போயிருக்கலாம்.

இருபத்தோராவது நிமிடத்தில் ஒரு மேடு.
எறும்புப் புற்று அளவுதான்.
சிட்டோஸ்டெரால்,
செடி போட்ட கையெழுத்து.

யோசித்தால் வேடிக்கை.
ஆயுள் முழுக்கப் புல் தின்கிற மாடு
புல்லின் இந்த ஒன்றை மட்டும்
மடிவரை விடுவதில்லை,
விட்டாலும் எண்ணிக்கையில் சேராத துளி.
மாடு வாசலிலேயே நிறுத்தியதை
எவனோ கொல்லைக் கதவால் கொண்டுவந்திருக்கிறான்.

'தரத்துக்குப் பொருந்தவில்லை.'
தட்டிவிட்டுத் தேதி போட்டேன்.

அடுத்த குப்பி என்னுடையது.
பதிவேட்டில் ஏறாதது.
ஸ்ரீராம்புரம் மூன்றாம் கிராஸில்
மாதாமாதம் வாங்கும் நெய்,
இருமல் மருந்து பாட்டிலில் கொண்டுவந்தேன்.
இருபதாவது நிமிடத்தில் எழுந்து
கை கழுவப் போனேன். சுத்தமாக இருந்த கையை.
திரும்பியபோது மேடு ஏறி இறங்கியிருந்தது.
318-ஐ விட உயரம்.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து,
ஒப்பீட்டுக்கென்று வாங்கியதில் மிஞ்சிய நெய்யை,
ஹெசரகட்டாவில் என் கண்ணெதிரே உருக்கியதை,
பருப்புச் சோற்றில் விட்டேன்.
ஜெமிமா ஒரு வாயோடு தட்டைத் தள்ளினாள்.
"இதுல நெய் வாசனையே இல்லம்மா."
குணசீலன் முகர்ந்து பார்த்து
அவள் கட்சியில் சேர்ந்தார்.

நானும் ஒரு கவளம் எடுத்தேன்.
மென்றேன்.
என் நாக்கும் அந்தக் கட்சிதான்.

அலமாரியில் பழைய டப்பா
இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.